முன்வரிசைக் கயிறு

1995 யூன், சனிக்கிழமை. காலை பத்தரை.

பிக்கரிங்கில் தன் வீட்டிலிருந்து புறப்படும்போது தங்கராசா அண்ணை கார்த் திறப்பை வீடெல்லாம் தேடினார். அது அவர் கையிலேயே இருந்தது. லண்டனிலிருந்து இரண்டு கிழமை லீவில் வந்து அவரோடு தங்கியிருந்த எனக்கும் இருப்புக்கொள்ளவில்லை. பின்னே? தென்னாபிரிக்காவில் நிற ஒதுக்கலை எதிர்த்துச் சிறை சென்ற தலைவர்கள் இருவரை ரெக்ஸ்டேலில் ஏற்றி, மில்லிக்கனில் எங்கள் தமிழ் ஆட்கள் வரவேற்பு விழாவுக்கு வாடகைக்கு எடுத்திருந்த மண்டபத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதுவும் அண்ணையின் ஓட்டைக் காரில்!

401 நெடுஞ்சாலையில் ஐம்பது கிலோமீற்றர். வழியில் தொண்ணூறு சதத்துக்குக் கோப்பி வாங்கினோம். அண்ணை குடிக்க மறந்துபோனார்.

"தம்பி, ஒரு பிழையும் வரக்கூடாது. ஆறு மாசமாக் கடிதம் எழுதித்தான் அவையளை ஓம் எண்டு சொல்ல வைச்சனான். முன்வரிசைக்குக் குஷன் கதிரை போட்டு, விடியவே போய் நானே கயிறும் கட்டிப்போட்டு வந்தனான்."

பதினொன்றரைக்கு இருவரும் தாங்கள் தங்கியிருந்த வீட்டு வாசலில் நின்றார்கள். ஊன்றுகோலுடன் நெடிய தொழிற்சங்கக்காரர் ஒருவர். விளையாட்டுச் சப்பாத்துப் போட்ட, எழுபது வயது ஆசிரியை ஒருவர். அந்த அம்மா முன்சீற்றில் ஏறி, வழியெல்லாம் கேள்வியாய்க் கேட்டுத் தள்ளினார். தன் கதையையும் சிரித்துச் சிரித்துச் சொன்னார். வெள்ளையருக்கென்று எழுதியிருந்த ரயில் நிலைய மர வாங்கில் குந்தியிருந்ததற்கு மூன்று மாதம் சிறையாம். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

பன்னிரண்டரை. மண்டபத்தில் நாதஸ்வரக் கசெற், பன்னீர், சந்தனம், ஒரே ஆரவாரம். முன்வரிசையில் பத்துக் குஷன் கதிரைகள், சுற்றிவரக் கயிறு. ஒவ்வொரு கதிரையிலும் ஆங்கிலத்தில் ஒரு கடதாசி: பிரமுகர்களுக்கு மட்டும். லண்டன் ஆள் என்று எனக்கும் ஒன்று.

அந்த அம்மா கடதாசியை வாசித்தார். கதிரையில் இருக்கவில்லை. காலையிலிருந்து சமைத்துவிட்டு, இடமில்லாமல் சுவரோரம் நின்ற பெண்களைக் காட்டி, "அவர்கள் எங்கே இருப்பார்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அண்ணையின் முகத்தில் ஈயாடவில்லை. ஆறு மாதப் பாடும் போச்சு என்றே நினைத்தேன். அவரோ குனிந்து கயிற்று முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார். அவசரப்பட்டு இழுத்ததில் அது இன்னும் இறுகியது. தொழிற்சங்கக்காரர் ஊன்றுகோலைச் சாத்திவிட்டுத் தானும் குனிந்தார். இருவருமாய் அவிழ்த்தபோது எழுந்த கைதட்டலில் மண்டபமே அதிர்ந்தது. நானும் கை சிவக்கத் தட்டினேன்.

சமையல் பெண்கள் முன்வரிசைக்கு வந்தார்கள். என் பக்கத்துக் கதிரையில், சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி எங்கள் ஊர் ராசம்மா அன்ரி.

"தம்பி, ஊரில உங்கட வீட்டுக்கு எத்தினை தரம் வந்திருப்பன். வெளி முற்றத்திலதான் நிண்டனான். இருக்கச் சொல்லி ஒருத்தரும் சொல்லேல்லை."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் கயிறும் இல்லை, கடதாசியும் இல்லை. யார் உள்ளே வரலாம் என்பது எழுதாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நான் தலைகுனிந்தேன்.

"போறதுக்கு முதல் எங்கட வீட்டுக்குச் சாப்பிட வாங்கோ" என்றார் அன்ரி.

ஞாயிறு மாலை விமானம். மதியம் அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் சப்பாத்தைக் கழற்றுவதற்குள், அன்ரி நல்ல கதிரையாய்ப் பார்த்து இழுத்துப் போட்டு, "இருங்கோ தம்பி" என்றார்.