வேலியில் தொங்கிய கேன்

ராத்தா என்று நான் கூப்பிடும் அக்காவின் கணவர், மச்சான், படகோடு கடலில் காணாமற்போனபோது நான் கொழும்பில் ஆய்வு மாணவி. யுத்தம் முடிந்து, கடலுக்குப் போகக் கெடுபிடி தளர்ந்திருந்த காலம். போன் வந்ததும் ஓடிவந்தேன். பாலாவியில் பஸ் மாறி நுரைச்சோலைக்குக் கிட்ட ராத்தாவின் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோதுதான், மடிக்கணினியையும் தூக்கிக்கொண்டு வந்திருப்பது தெரிந்தது. எந்த மூளையோடு அதை எடுத்தேனோ!

மேற்கிலிருந்து கச்சான் காற்று பேயாக அடித்தது. மச்சானின் தம்பியும் கூட்டாளிகளும் அந்தக் கடலில் தினமும் தேடிப் போனார்கள். ஒரு பலகைத் துண்டுகூடக் கிடைக்கவில்லை. அடையாளம் ஏதும் கிடைத்தால் மௌத்து, மரணம், என்று முடிவுகட்டி, உடல் இல்லாமலே காயிப் ஜனாஸா தொழுவிக்கலாம், ராத்தா கணவனை இழந்தவளாக இத்தா இருக்கத் தொடங்கலாம், அதுவரை தேடத்தான் வேண்டும் என்றார் பள்ளிவாசல் தலைவர். ராத்தாவோ, மச்சான் இந்தியக் கரையில் ஒதுங்கி ஏதோ சிறையில் இருக்கிறார் என்று அடித்துச் சொன்னாள்.

அவளுடைய மனதைத் திருப்பலாமென்று என் படிப்பைப் பற்றிச் சொன்னேன். விண்மீன் மண்டலங்களுக்கு இடையே மெல்லிய வாயு பரந்து கிடக்கிறது. வெகு தொலைவிலிருந்து வரும் ஒளியை அது அங்கங்கே கொஞ்சம் விழுங்கிவிடும். விழுங்கிய அளவைப் பார்த்தால் வாயு எங்கே திரண்டிருக்கிறது என்று தெரியும். அதைத் திரட்டுவது கண்ணுக்குத் தெரியாத இருண்ட பொருளின் ஈர்ப்பு. சின்னத் திரட்சிகள் இல்லாவிட்டால், இருண்ட பொருளின் துகள்கள் ஆதியில் வேகமாக ஓடித்திரிந்தவை என்று சொல்லலாம். ஆனால் வாயுவின் சொந்தச் சூடும் அந்தத் திரட்சிகளைக் கலைத்துவிடும். சனியன், அங்கேதான் என் ஆய்வு மாட்டிக் கிடந்தது. காணவில்லையென்றால், முதலிலேயே இல்லையா, இருந்து கலைந்ததா?

“அப்ப, ஒண்டும் காணல்லெண்டா ஒண்டும் செல்ல ஏலாதா புள்ள?” என்று கேட்டாள் ராத்தா.

“ஏலாது.”

அவள் முகம் தெளிந்தது. எனக்குப் பயமாக இருந்தது.

அடுத்த நாள் தேநீர் வைக்கக் குசினிக்குப் போனேன். மூலையில் தண்ணீர் நிறைந்த கேன் ஒன்று இருந்தது. அதன் பிடியில் சிவப்பு வயர் சுற்றியிருந்தது. அது மச்சான் தன் குறியாகச் சுற்றுவது. கடலில் குடிக்கத் தண்ணீர் கொண்டுபோகும் கேன், படகு கரைக்கு வராமல் அது வீட்டுக்கு வராது.

“ராத்தா, இது எப்படி இங்க?”

“வேலில தொங்கிச்சு.”

எங்கள் கரையில் அது வழக்கம். கடலில் மிதந்த பொருளை எடுத்தவர், குறி தெரிந்தால் உரியவர் வேலியில் கொழுவிவிட்டுப் போவார். வீட்டாரை எழுப்புவதில்லை. மச்சான் வரவில்லை என்ற கதை பரவுமுன்பே யாரோ கண்டெடுத்துக் கொழுவிவிட்டு, கிழக்குக் கரை மீன்வாடிக்குத் தொழிலுக்குப் போயிருக்க வேண்டும். தேடிப்போனவர்களுக்குக் கடலில் எதுவும் அகப்படாததற்கு இதுவும் ஒரு காரணம்.

“இதுதான் அவங்க தேடுற அடையாளமெண்டு தெரியாதா உனக்கு?”

“தெரியும். அவர் வந்தாத் தேடுவாரெண்டு நிரப்பி வெச்சன். இத நான் காட்டினா, அவர மௌத்தாக்கினது நானாப் போயிடுவன் புள்ள. நீ தானே சென்ன, ஒண்டும் செல்ல ஏலாண்டு.”

என் படிப்பை அவள் என்மீதே திருப்பிவிட்டாள். பாழாய்ப்போன வாய், நேற்றுச் சும்மா இருந்திருக்கக் கூடாதா!

அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளித் தலைவர் வாசலுக்கு வந்தார். அவர் தொப்பி நனைந்திருந்தது.

“மகள், தேடிப் போன போட் பெரண்டிட்டு. அல்லாட காவல், புள்ளைகள இழுத்தெடுத்திட்டாங்க. ஒங்கட மாப்பிள்ளைட தம்பிக்குத்தான் காலில அடி. நாளைக்கும் போறெண்டு நிக்கிறான். அடையாளம் ஒண்டும் இல்லாம நான் எப்பிடி நிப்பாட்ற?”

ராத்தா என்னைப் பார்த்தாள். நான் குனிந்துகொண்டேன்.

அவள் உள்ளே போய்க் கேனை இரண்டு கையாலும் தூக்கிவந்து, வாசல் முருங்கையடியில் சரித்தாள். தண்ணீர் முழுவதும் போய்ச்சேரும்வரை சரித்தே பிடித்திருந்தாள். பிறகு வெறுங்கேனை, சிவப்பு வயர் தெரிய, அவர் முன்னால் வைத்தாள்.

“அவனப் போக வேணாமெண்டு செல்லுங்க,” என்றாள். “வெள்ளிக்கிழம தொழுவியுங்க.”