மேடைத் திரைக்கு மூன்று கொட்டேஷன்

கல்முனையில் துணிக்கடை வைத்திருப்பவன் நான். நாள் முழுதும் வாடிக்கையாளர்களுக்குத் தலையாட்டிவிட்டு, யாரையாவது அதட்ட இடம் தேடுவேன். மகள் படிக்கிற பள்ளிக்கூடத்தின் அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் அந்த இடம் கிடைத்தது.

பெற்றோரிடம் வாங்கிய பணத்துக்கு வருடக் கடைசியில் ஒரே ஒரு மொத்தத் தொகையை வாசித்து, ஸலவாத்து ஓதிக் கூட்டத்தை முடித்துவிடுவது அங்கே வழக்கம். நான் எழும்பினேன்.

"மொத்தம் காணாது சேர். ஆருக்கு, எதுக்கு, எவ்வளவு குடுத்த எண்டு அறிவித்தல் பலகையில போடணும். இது பொதுக் காசி."

அதிபர் சத்தமாகக் கதைக்காத மனிதர். கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

"எல்லாச் செலவுமா காக்கா?" அண்ணனை அழைக்கிற மரியாதையோடுதான் கேட்டார்.

"ஓம், எல்லாம். போன மூணு வருசத்துக்கும்."

"யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

அந்தக் கேள்வியில் இருந்த இரக்கம் எனக்கு விளங்கவில்லை. மிரட்டுகிறார் என்று நினைத்து, தகவல் அறியும் உரிமைச் சட்டம் பற்றி இன்னும் கொஞ்சம் முழங்கினேன். அந்தச் சட்டத்தில் ஒரு வரியும் நான் படித்ததில்லை. கைதட்டினார்கள். அன்று வீட்டில் இரண்டாம் தரமும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

அடுத்த கிழமை பட்டியல் ஒட்டப்பட்டது. வெற்றியைப் பார்க்க நானே போனேன். பலகைக்கு முன்னால் மருதமுனையில் தறி நெய்கிற ஒரு தாய் நின்று, விரல் வைத்து வாசித்துக்கொண்டிருந்தார். விரல் ஓரிடத்தில் நின்றது.

"மேடைத் திரைச்சீலை. இது உங்கட கடையெல்லுவா காக்கா?"

என் கடைதான். மூன்று கடைகளில் விலை கேட்க வேண்டும் என்பது விதி. அந்த மூன்று கொட்டேஷன்களின் பிரதிகளும் பக்கத்திலேயே குத்தப்பட்டிருந்தன. ஒன்று என்னுடையது. ஒன்று மச்சானுடையது. மூன்றாவது கடை எப்போதோ மூடப்பட்டது. அதன் ரப்பர் முத்திரை மட்டும் என் மேசை லாச்சியில் உயிரோடு இருந்தது. மூன்றையும் ஒரே பேனையால் எழுதியவன் நான். பள்ளிக்கு அலைச்சலைக் குறைத்த நல்ல மனிதன் என்றே இவ்வளவு காலமும் என்னை நினைத்திருந்தேன்.

"மூணும் ஒரே கையெழுத்து மாதிரி இரிக்கி," என்றார் அவர். பிறகு மெதுவாக, "இந்தத் துணிர விலை எனக்குத் தெரியும்."

காது சுட்டது. நேரே அதிபரின் அறைக்குப் போனேன்.

"முதலே சொல்லியிருக்கலாமே சேர்."

"யோசிச்சுத்தானா எண்டு கேட்டேனே."

அன்றே கணக்குப் பார்த்தேன். மற்ற வாடிக்கையாளர்களிடம் வாங்குவதைவிடக் கூடுதலாக எடுத்த தொகையை அதிபரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் ரசீது எழுதினார். எழும்பிப் பசை எடுத்தார்.

"அதையும் ஒட்டணுமா சேர்?"

"எல்லாம் எண்டு நீங்கதானே சொன்ன."

பட்டியலைவிட அந்த ரசீதைத்தான் ஊர் விரும்பி வாசித்தது. என் மனைவி அதைப் பார்த்துவிட்டு வந்து மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. நாலாம் நாள், "அந்த ரப்பர் முத்திரை எங்க?" என்று மட்டும் கேட்டு, வாங்கி அடுப்பில் போட்டாள்.

அடுத்த கூட்டத்தில் தறி நெய்கிற அந்தத் தாயைப் பொருளாளராகத் தெரிவு செய்தார்கள். நானும் கையை உயர்த்தினேன், கொஞ்சம் பிந்தி. இப்போது மாதாமாதம் பட்டியல் ஒட்டப்படுகிறது. இந்த முறை விளையாட்டுப் போட்டிக் கொடிகளுக்கான துணியைச் சாய்ந்தமருதில் ஒரு கடையில் வாங்கியிருக்கிறார்கள். விலையைப் பார்த்துத் திகைத்துப்போனேன். அந்த விலைக்கு எனக்கே துணி கிடைப்பதில்லை. அந்தக் கடைக்காரரிடம் போய், சரக்கு எங்கே எடுக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"அது பொதுக் காசி இல்லையே காக்கா," என்று சிரித்தார் அவர்.