என் பஸ்ஸில் எல்லாருக்கும் கேஸ்ட்ரிக்

காலை ஐந்தரைக்கு என் பேக்டரி பஸ்ஸில் முதலில் மூக்கில் ஏறுவது தைல வாசனைதான். பவுடர், மல்லிகை, நாசி லெமாக் சோறு எல்லாம் அதற்குப் பின்னால்...

லூபோக் சீனா பக்கத்துத் தோட்டங்களிலிருந்து மலாக்கா டவுனுக்கு நாற்பது பெண்களை ஏற்றிப் போவேன். நம்ம வண்டி ஓட்டும் அழகைப் பார்த்து டிராபிக் போலீஸே சல்யூட் அடித்திருக்கிறார். நம்பாதவர்கள் போங்கள்.

இருபது வருஷத்துக்கு முன்னால், அந்த நாற்பதில் என் தங்கை ஸ்டெல்லாவும் ஒருத்தி. மாதத்தில் இரண்டு மூன்று நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, முன்சீட்டுக் கம்பியில் நெற்றியை முட்டுக் கொடுத்தபடி வருவாள்.

“என்னம்மா?”

“கேஸ்ட்ரிக்ணே.”

அவள் மட்டுமில்லை. எந்தப் பெண் சுருண்டு உட்கார்ந்தாலும், ஆம்பிளை கேட்டால் அதே பதில்தான். நம்பினேன். நம்பியதோடு நிற்பேனா? ஸ்டியரிங் பக்கத்தில் வயிற்றுக்கான வெள்ளை மருந்து, சோடா, பிஸ்கட் என்று ஒரு கிளினிக்கே வைத்தேன். என் கையால் குடித்துக் குணமானவர்கள் ஐந்நூறு பேராவது தேறுவார்கள்... மூன்று நாளில் அதுவாகவே நின்றிருக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஸ்டெல்லாவுக்கு மட்டும் வரவர மோசமானது. மாதம் முழுக்க வலது அடிவயிறு கனக்கிறது என்றாள். “நேரத்துக்கு சாப்டாதானே!” என்று திட்டினேன்.

ஒரு நாள் டவுனுக்கு முன்னால் பாச்சாங்கை நெருங்கும்போது பின்னால் கூச்சல். திரும்பிப் பார்த்தால் ஸ்டெல்லா கீழே கிடக்கிறாள். வாந்தி. முகம் வெளுத்துவிட்டது.

பஸ்ஸை ஓரங்கட்டி, வெள்ளை மருந்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவளோடு வேலை செய்யும் லட்சுமி அக்கா பாட்டிலைப் பிடுங்கினார்.

“டேய், கேஸ்ட்ரிக்கும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. பொம்பளைங்களுக்கு மாசாமாசம் வர்ற வலிடா. உங்கிட்ட சொல்ல வெக்கப்பட்டு அப்படி சொல்றது. ஆனா இது அந்த வலியும் இல்ல. ஆஸ்பத்திரிக்கு விடு!”

“எல்லாருக்கும் வேலைக்கு லேட்டாயிடுமேக்கா...”

“லேட்டானா நாங்க பேசிக்கிறோம் லா! நீ ஓட்டு!” பஸ்ஸிலிருந்த எல்லாக் குரலும் ஒன்றாக வந்தன.

அன்றைக்கு ஓட்டியதை மட்டும் நான் கூட்டிச் சொல்வதில்லை. ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

ஆஸ்பத்திரியில் தமிழ் டாக்டரம்மா ஒருவர், காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். “சினைப்பையில நீர்க்கட்டி. நெறைய பேருக்கு வரும், பெரும்பாலும் தானா மறைஞ்சிடும். இவங்களுக்கு பெருசாகி, சினைப்பையோட சேர்ந்து முறுக்கிக்கிச்சு. ரத்தம் போகல. உடனே ஆபரேஷன் பண்ணணும். எத்தனை நாளா வலிக்குது?”

“மாசக்கணக்கா... கேஸ்ட்ரிக்னு நெனச்சு...” என்று இழுத்தேன்.

அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஒரு பக்கத்துச் சினைப்பையை எடுக்க வேண்டியதாயிற்று. கண் விழித்ததும் ஸ்டெல்லா கேட்டது ஒன்றுதான்.

“எனக்கு புள்ள பொறக்குமா, டாக்டர்?”

“இன்னொன்னு நல்லா இருக்கும்மா. ஒன்னு போதும்.”

நான் வெளியே போய் பஸ் டயரைப் பார்ப்பதுபோல் நின்று அழுதேன்.

இன்றைக்கு அவளுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். போன வாரம் உம்பாய் கடற்கரைக் கடையில் குடும்பத்தோடு மீன் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மூத்தவள், எல்லார் எதிரிலும், சம்பால் சட்னிக் கிண்ணத்தை நகர்த்தச் சொல்வது போலச் சாதாரணமாகச் சொல்கிறாள்...

“மாமா, இந்த மாசம் பீரியட் பெயின் ஒரு மாதிரி இருக்கு. மாத்திரை போட்டும் கேக்கல. நாளைக்கு ஸ்கேன் எடுக்கணும், கூட்டிட்டு போறீங்களா?”

“காலைல எட்டு மணிக்கு ரெடியா இரு” என்றேன்.

ஸ்டெல்லா மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் சாய்ந்து, “அப்ப எனக்கு இப்படி கேக்கத் தெரியலையேண்ணே” என்றாள்.

கேட்டிருந்தால் மட்டும்? வாய்விட்டு அந்த வார்த்தையைச் சொல்லியிருந்தால், அந்தக் காலத்து நான் பஸ்ஸை நடுரோட்டில் நிறுத்திவிட்டு இறங்கி ஓடியிருப்பேன்... 

அதை அவளிடம் சொல்லவில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன்.