மண் எடுக்காத குளவி

வீட்டில் குளவி கூடு கட்டினால் குழந்தை பிறக்கும் என்று என் மனைவி நம்புகிறாள். மேனாம்பேட்டில் நாங்கள் குடியிருக்கும் வீட்டுச் சுவரில், பழைய சுவிட்ச் போர்டைக் கழற்றிய இடத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. பளபளவென்று பச்சையாக ஒரு பூச்சி அதற்குள் போய்வர ஆரம்பித்ததும், ஒட்டடைக் கோலை எடுத்து ஒளித்துவைத்துவிட்டாள்.

மகள் அப்போது எங்களோடு இருந்தாள். கல்யாணமாகிச் சில வருடங்களாகியும் குழந்தை இல்லை. மாமியார் ஏதோ சொல்லிவிட்டாள் என்று வேப்பம்பட்டிலிருந்து அழுதுகொண்டே வந்தவள். ஞாயிற்றுக்கிழமை திரும்பிப் போக வேண்டும்.

"பாத்தியாடி, உன்னைத் தேடிகினு வந்துக்கீது" என்றாள் மனைவி. மகள் ஓட்டையை எட்டிப் பார்த்தாள்.

எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. நான் பார்த்த குளவியெல்லாம் ஈர மண்ணைக் கவ்விக்கொண்டு வரும். இது ஒருமுறைகூட மண் எடுத்து வரவில்லை. கம்பெனியில் பிரஸ் மெஷின் முன்னால் நின்றாலும் அதே நினைப்பு. இது குளவிதானா? இல்லையென்றால் மகள் இன்னொரு முறை ஏமாறுவாளே.

மாடியில் குடியிருக்கும் மதுரைக்காரரின் போன், படம் எடுத்தால் பூச்சியின் பெயரைச் சொல்லும். யாரிடமும் போய்ப் பேச எனக்குக் கூச்சம். பாதிப் படி ஏறி இறங்கிவிட்டேன். மறுநாள் அவரே வாசலில் எதிர்ப்பட, தலையைக் குனிந்துகொண்டே கேட்டுவிட்டேன்.

முதல் படத்துக்கு அது ஈ என்றது போன். "காலு தெரியலண்ணே" என்று ஓட்டைக்கருகே காத்திருந்து மறுபடி எடுத்தார். தொடைகள் இரத்தச் சிவப்பாக இருந்தன.

"குளவிதாண்ணே. ஆப்பிரிக்காப் பக்கத்து ஜாதியாம், நம்ம ஊர்லயும் இருக்குமாம். ஆனா மண்கூடு கட்டாது. கரப்பானைக் கொட்டி, மீசையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய், அது கால்ல முட்டை வைக்குமாம். புழு வந்து கரப்பானைத் தின்னுட்டு வெளிய வருமாம்."

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது ஓட்டை குப்பையும் சிறு கல்லுமாக அடைபட்டிருந்தது. பக்கத்தில் மனைவி குங்குமம் வைத்திருந்தாள். போன் சொன்னதை அவளிடம் சொல்லாமல் சாப்பிட உட்கார்ந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்பத்தூர் ஸ்டேஷனில் வண்டிக்கு நிற்கும்போது, "அந்தக் குளவி..." என்று மகளிடம் இழுத்தேன்.

"கரப்பானைத்தான வச்சிக்கீது? நானே பாத்தேம்பா. மீசையப் புட்ச்சி இட்டுகினு போச்சு, எங்க மாமியார் உங்க மருமகனை இட்டுகினு போற மாரியே!"

சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வண்டி உள்ளே வரும்போது என் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"அம்மாகிட்ட சொல்லிடாதப்பா. குளவி வந்ததுலேர்ந்துதான் அம்மா கொழந்தயப் பத்தி என்னை ஒண்ணும் கேக்காம கீது."

வீட்டுக்கு வந்தேன். மனைவி சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். "உள்ள ஏதோ கேக்குது. நீயும் வந்து கேளேன்" என்றாள்.

போய்க் காதை வைத்தேன்.

"கேக்குதா?"

"கேக்குது" என்றேன்.