முப்பத்தாறு புள்ளி ஒன்று

என் சித்தியிடம் யாராவது "மணி அஞ்சு" என்றால், அவளும் "அஞ்சு" என்பாள். கண்டக்டர் "எட்டாம் நம்பர் பஸ்" என்றால் "எட்டு" என்பாள். புதிதாகப் பார்ப்பவர்கள் காது மந்தமோ என்று நினைப்பார்கள். மந்தமெல்லாம் இல்லை. இருபத்திரண்டு வருஷம் மண் ஆய்வுக்கூடத்தில் எடை எழுதிய பழக்கம். அங்கே அவளுக்குப் பட்டப்பெயரே எதிரொலி.

தராசு அறையில் சித்தியும், மண்ணை ஆராய்ந்த விஞ்ஞானி டாக்டரும் என்று இரண்டு பேர்தான். காற்றுப் பட்டால் முள் ஆடும் என்று ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, வேர்க்க விறுவிறுக்க உட்கார்ந்திருப்பார்கள். வயல் மண்ணை இரண்டிரண்டு டப்பாவில் எடுத்து, சூட்டில் உலர்த்தி, எவ்வளவு ஈரம் போயிற்று என்று நிறுப்பது வேலை. டாக்டர் முள்ளைப் பார்த்து எண்ணைச் சொல்வார். சித்தி எழுதிக்கொண்டே திருப்பிச் சொல்வாள். அவர் "சரி" என்றால்தான் பக்கத்தில் டிக். டிக் விழுந்த எண்ணை அப்புறம் யாரும் சந்தேகப்படக் கூடாது. ஒரு டிக் விட்டுப்போனாலோ அன்றைய வேலை முழுவதையும் மறுபடி செய்யவேண்டும். மனுஷன் அந்த விஷயத்தில் ராட்சசன்.

எந்த மண் எத்தனை நாள் தண்ணீரைப் பிடித்துவைக்கும் என்று அவர் போட்ட அட்டவணைதான் பெரிய வறட்சியில் விவசாயத்தைத் தூக்கி நிறுத்தியது. யார் வயலுக்கு முதலில் தண்ணீர் என்று அடித்துக்கொண்டவர்கள்கூட அவர் பேச்சைக் கேட்டார்கள். ஊர் ஊராகப் போய் விளக்கினார். பேசப் போனவரை நாடு திருப்பி அனுப்பவில்லை, தலைவராக்கி உட்காரவைத்துவிட்டது.

சித்தி தராசு அறையிலேயே இருந்தாள். அடுத்து வந்த தராசு எண்ணைத் தானே அச்சடித்துத் தள்ளியது. கல்யாணம் காட்சி என்று எதுவும் செய்துகொள்ளாதவள், ஓய்வு பெற்றபின் இரண்டு அறை வீட்டில் ரேடியோவோடு குடித்தனம் நடத்தினாள். டாக்டர் உரையாற்றும்போது ஏதாவது எண் வந்தால் அடுப்படியிலிருந்தே திருப்பிச் சொல்வாள். அந்தப் பக்கமிருந்து "சரி" வராது. எனக்கு அழுகை முட்டும். காட்டிக்கொண்டால் திட்டுவாள்.

போன வருஷம் அந்த அட்டவணையைப் பாடப்புத்தகத்தில் சேர்க்கப்போவதாகச் செய்தித்தாளில் அட்டவணையோடு வந்தது. அன்றைக்கே சித்தி போன் செய்தாள்.

"அதுல ஒரு எண் தப்புடி."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தப்பைப் போட்டதே நான்தானே!"

நேரில் போனேன். செய்தித்தாளில் அந்த எண் உறுத்தவே, பழைய நோட்டைத் தேடியெடுத்து விரித்து வைத்திருந்தாள். ஒருநாள் கடைசி டப்பா நிறுக்குமுன் டாக்டரை வெளியே அவசரமாகக் கூப்பிட்டிருக்கிறார்கள். வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் சித்தி தானே முள்ளைப் பார்த்து, தானே சொல்லி, தானே டிக்கும் போட்டுவிட்டாள். முப்பத்தாறு புள்ளி ஒன்று. அதே மண்ணின் மற்ற டப்பாவோ முப்பத்தொன்று புள்ளி ஐந்து. முப்பத்தொன்று புள்ளி ஆறைத்தான், ஒன்றையும் ஆறையும் இடம் மாற்றி எழுதியிருக்கிறாள். டிக் இருந்ததால் டாக்டரும் தோண்டவில்லை.

"ஒரு வரிதானே, விட்டுத்தள்ளு சித்தி. எந்த வயலும் காஞ்சு போகலையே."

எரிந்து விழுந்தாள். "பிள்ளைங்க படிக்கப்போற புஸ்தகம்டி அது! திருத்தம் வரணும். தப்பு என்னோடதுன்னு என் பேர்லயே வரணும்."

அவள் பெயர் இதுவரை எதிலும் வந்ததில்லை. டாக்டரின் கட்டுரைகள் பதினேழு. எடை எழுதுபவரின் பெயரைப் போடும் வழக்கம் அங்கே கிடையாது. அதைப் பற்றி அவள் ஒருநாளும் குறைப்பட்டதில்லை. அதனால்தான் அன்று எனக்குச் சுருக்கென்றது.

மூன்று மாதம் கடிதம் எழுதி எழுதி, டாக்டரைப் பார்க்கப் பத்து நிமிஷம் கிடைத்தது. துணைக்கு நானும் போனேன். நீள மேஜையின் ஒரு கோடியில் அவர் மட்டும் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க எதிரொலி!" என்று எழுந்தே விட்டார்.

சித்தி குசலம்கூட விசாரிக்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"சரியான எண் எவ்வளவு?"

"முப்பத்தொண்ணு புள்ளி ஆறு."

"முப்பத்தொண்ணு புள்ளி ஆறு," என்று எழுதிக்கொண்டே திருப்பிச் சொன்னார்.

"சரி," என்றாள் சித்தி.

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "இங்க நான் எதைச் சொன்னாலும் சரிங்கறாங்கம்மா. ஒருத்தராவது திருப்பிச் சொல்லணுமே! தப்பாச் சொல்லிட்டேனான்னு எனக்கே தெரியமாட்டேங்குது."

சித்திக்குக் கண் கலங்கியது. ஆனாலும் வந்த காரியத்தை விடவில்லை. "திருத்தத்தை என் பேர்ல போடுங்க டாக்டர்."

"நான் பாத்துக்கறேன்," என்றார். செயலாளர் கதவைத் திறந்தார்.

இரண்டு வாரத்தில் வந்துவிட்டது. எல்லாச் செய்தித்தாளிலும் முதல் பக்கம். எண் சரியாகத் திருத்தப்பட்டிருந்தது. அடியில் அவர் வார்த்தைகள்: "நானே பார்த்துச் சொன்ன எடை அது. பிழை முழுக்க என்னுடையது. வேறு யாரும் இதற்குப் பொறுப்பல்ல." ஒப்புக்கொள்ளும் மனசு எத்தனை தலைவர்களுக்கு இருக்கிறது என்று நாடே அவரைக் கொண்டாடியது.

எனக்கும் சந்தோஷம்தான். "பாரு சித்தி, உன்னைக் காட்டிக்கொடுக்கவே இல்லை. எவ்வளவு பெரிய மனசு!"

சித்தி பேப்பரைக் கீழே வைக்கவில்லை. முதலிலிருந்து கடைசிவரை இன்னொரு தடவை விரல் வைத்துத் தேடினாள்.

"அவர் அந்த ரூம்லயே இல்லடி," என்றாள். "நான் மட்டும்தான் இருந்தேன்."