கறுப்பு வெள்ளையில் ஒரு பாரீஸ்காரி

என் பெரியவாப்பா, அதாவது வாப்பாவின் அண்ணன், பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றுக் காரைக்காலுக்குத் திரும்பியபோது மற்றவர்களைப் போல செண்ட் பாட்டிலும் சாக்லேட்டும் கொண்டுவரவில்லை. ஒரு சூட்கேஸ் நிறைய வீடியோ கேசட் கொண்டுவந்தார். அத்தனையும் ஒரே நடிகையின் படங்கள். அங்கே டிவியில் போடும்போதெல்லாம் பதிவு செய்து வைத்திருக்கிறார். அதிலும் எல்லாப் படங்களையும் இல்லை, தேறியதை மட்டும். "மத்ததெல்லாம் வயித்துப் பொழப்புக்கு நடிச்சது. இதுதான் அவ" என்பார். பெரியம்மாவுக்கு அந்தச் சூட்கேஸைக் கண்டாலே ஆகாது. எனக்குக் கல்யாணமாகி உத்திரமேரூருக்கு வந்த வருஷம், வீட்டில் நடந்த சண்டை தாங்காமல் பெரியவாப்பா அதைத் தூக்கி என் கணவர் கையில் கொடுத்துவிட்டார். "மாப்பிள்ளை, கேபிள் டிவிதானே நடத்துறீங்க. ஓட்டுங்க, ஜனங்க பார்க்கட்டும்."

என் கணவர் வாங்கி வந்து கட்டிலுக்கு அடியில் தள்ளினார். உத்திரமேரூரில் பிரெஞ்சுப் படம் ஓட்டினால் கேபிள் வயரை அறுத்துத் தோரணம் கட்டிவிடுவார்கள் என்று அவருக்குப் பயம்.

மாடியில் ஒரு சின்ன அறைதான் எங்கள் கண்ட்ரோல் ரூம். இரண்டு வீடியோ டெக், அறிவிப்பு அட்டைகளைக் காட்ட ஒரு பழைய வீடியோ கேமரா, ஒரு மைக், கேபிள் தெரியவில்லை என்று ஜனங்கள் திட்டுவதற்காகவே வைத்த ஒரு போன். மாவுமில் திறப்பு விழா, காணாமல் போன ஆடு, ரேஷன் கடையில் கெரசின் வந்த சேதி எல்லாம் அங்கிருந்துதான் போகும். என் கணவர் கம்பம் ஏறப் போனால் அந்த அறை என் பொறுப்பு. அடுப்பு மாதிரி காயும். ஆனாலும் அந்த வீட்டில் எனக்குப் பிடித்த இடம் அதுதான்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் பி.ஏ. தமிழ் முடித்தவள். பி.எட். படித்து டீச்சராக வேண்டும் என்பது என் ஆசை. பெண் பார்க்க வந்தபோது என் மாமனாரிடம் வாப்பா இதைச் சொன்னார். "தாராளமா படிக்கட்டும்" என்று பிரியாணியைப் பிசைந்துகொண்டே சொன்னார் மாமனார். கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. யாரும் என்னைக் கொடுமைப்படுத்தவில்லை, அதையும் சொல்ல வேண்டும். நல்ல வீடு, நல்ல மனிதர்கள். மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான். மறந்தவர்களிடம் போய் எப்படிச் சண்டை போடுவது? எனக்கு உள்ளுக்குள் எரிந்தது. மாடியில் மைக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் அது கொஞ்சம் அடங்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம். மாமனார் பஜார் தெருவில் இருந்த மளிகைக் கடையைச் சாத்திவிட்டு ஜும்மாவுக்குப் போயிருந்தார். கணவரும் போயிருந்தார். ஓடிக்கொண்டிருந்த தமிழ்ப் படத்தின் நாடா டெக்கில் சிக்கிக் கசங்கிவிட்டது. சட்டென்று நினைவுக்கு வந்தது கட்டிலுக்கடியில் இருந்த சூட்கேஸ்தான். எடுத்து ஒன்றைப் போட்டேன். திரையில் அவள் வந்தாள். முத்து மாலை, நீண்ட கழுத்து, நம்மையெல்லாம் அலட்சியமாகப் பார்க்கும் கண். ஆனால் படம் கறுப்பு வெள்ளை. அந்த ஊர்க் கேசட் நம் ஊர் டெக்கில் ஓடும், நிறம் மட்டும் வராது என்பது அப்போது எனக்குத் தெரியாது. பழைய காலத்துப் படம் போல என்று நினைத்துக்கொண்டேன்.

உடனே போன் அடித்தது. ஏரிக்கரைப் பக்கம் இருந்த ஒரு அக்கா. பக்கத்து ஊரான காவாந்தண்டலத்தில் அவர்களுக்கு நெல்லும் கடலையும் விளையும் நிலம் இருந்தது. மதியச் சோற்றுக்குப் பிறகு படம் இல்லாவிட்டால் அவருக்கு நாள் போகாது.

"இன்னாம்மா இது, கலரும் இல்ல, பேசறதும் புரியல? டிவி புட்டுக்கிச்சின்னு மாமியாரு என்னியத் திட்டிக்கினு கீது."

"பாரீஸ் படம்க்கா."

"பாரீஸ்னா? நம்ம மெட்ராஸ் பாரீஸா?"

எனக்கு ஏதோ ஒரு தைரியம். மைக்கைப் போட்டு, படத்தின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, கதை சொல்ல ஆரம்பித்தேன். "அவள் மிகுந்த துயரத்துடன் சாளரத்தின் அருகே நிற்கிறாள்" என்றேன். மறுபடி போன். "யம்மா, பாடம் நடத்தறியா? ஜன்னலாண்ட நிக்கிறான்னு சொல்லேன், இன்னாத்துக்கு சாளரம்?" அதோடு பி.ஏ. தமிழை மூட்டை கட்டி வைத்தேன். "ஜன்னலாண்ட நின்னுக்கினு கீறா, மனசு சரியில்ல" என்றேன். காரைக்கால்காரி வாயில் 'கீது' வந்ததைக் கேட்டு கீழே என் மாமியார் சிரித்தது மாடிக்குக் கேட்டது.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் ஜும்மா நேரத்தில் பாரீஸ்காரி படம். ஆண்கள் தொழுதுவிட்டு வருவதற்குள் பாதிப் படம்தான் முடியும். மீதி அடுத்த வெள்ளி. கணவருக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருந்தார். மாமியார் வீட்டு வேலையை முடித்துவிட்டு முதல் ஆளாக டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார். மாமனார் காதுக்கு மட்டும் போகவில்லை.

கதைக்கு எங்கே போவேன்? பெரியவாப்பாவுக்கு போன் செய்து கேட்டால், "கதையா? அவ நடந்து வர்றா பாரு, அதான் கதை" என்பார். ஆகவே நானே கட்டினேன். யாருடனாவது ஒட்டி நின்று பேசினால் அத்தை மகன் என்றேன். பாவம், அவளுக்கு ஏகப்பட்ட அத்தைகள். முத்தக் காட்சிதான் பெரிய தலைவலி. முதல் முறை அது வந்தபோது பதறிப்போய்ப் பக்கத்தில் கிடந்த அட்டையைக் கேமரா முன்னால் நிறுத்தினேன். ரேஷன் கடையில் கெரசின் வந்திருக்கிறது என்ற பழைய அட்டை. பத்து நிமிஷத்தில் பாதித் தெருப் பெண்கள் கேனோடு ரேஷன் கடையில் நின்றார்கள். கடைக்காரர் போன் செய்து என்னைக் கிழித்து எடுத்தார். அதற்குப் பிறகு ஊருக்கே விஷயம் புரிந்துவிட்டது. கெரசின் அட்டை வந்தால் யாரும் கேனைத் தூக்குவதில்லை, தலையைக் குனிந்து சிரிப்பார்கள். "நேத்து படத்துல கெரசின் ரொம்ப ஜாஸ்தி" என்று குழாயடியில் பேச்சு.

அவள் படங்களில் எது உசத்தி என்று பெரிய சண்டையே நடக்கும். பெரியவாப்பாவுக்கு, அவள் நகை திருடியாக வரும் படம். பணக்கார வீட்டு விருந்துகளில் சிரித்துப் பேசியபடியே அடுத்தவள் கழுத்து மாலையைக் கழற்றுவாள். ஏரிக்கரை அக்காவுக்கும் அதுதான். "தெனாவெட்டு பாரேன் அவளுக்கு, இன்னா நடை!" எனக்கு வேறொன்று பிடித்தது. அதில் அவளுக்கு நகையும் இல்லை, பவுடரும் இல்லை. ஒரு பள்ளிக்கூடத்தில் தரை துடைக்கிறவள். வகுப்பு நடக்கும்போது வாசலில் வாளியோடு நின்று கேட்பாள். அவ்வளவு அழகி அந்த அழகை எங்கே ஒளித்துவைத்தாள் என்று நான் அசந்துபோனேன். ஊரில் ஒருவருக்கும் பிடிக்கவில்லை. "தலய வாராம கீறா. அத்தப் பாக்கறதுக்கு நாங்க கண்ணாடியே பாத்துக்குவோமே" என்றார் அக்கா. நான் கோபித்துக்கொண்டு அடுத்த வாரம் அவர் போனையே எடுக்கவில்லை.

நிறச் சண்டை தனி. கறுப்பு வெள்ளையில் அவள் கவுன் என்ன கலர் என்று என்னைக் கேட்பார்கள், என்னவோ நான்தான் தைத்துக் கொடுத்த மாதிரி. நானும் அடித்துவிடுவேன். துறைமுகப் படம் ஒன்று இருந்தது. அதில் அவள் முழங்கால்வரை ஒரு கோட்டுப் போட்டிருப்பாள். பச்சை என்றேன், கிளிப்பச்சை. அக்கா அதை நம்பித் தன் நாத்தனார் கல்யாணத்துக்கு அதே பச்சையில் பட்டுப் புடவை எடுத்துவிட்டார்.

அந்தத் துறைமுகப் படம்தான் என்னை மாட்டிவிட்டது. கதாநாயகி ஒரு பெரிய வீட்டு மருமகள். நல்ல புருஷன், நல்ல சாப்பாடு. ஆனால் கட்டிலுக்கடியில் ஒரு பெட்டியைத் தயாராக வைத்திருக்கிறாள். எங்கே போக நினைக்கிறாள், எதற்கு? பாஷை தெரியாத எனக்கு எப்படித் தெரியும்? அன்றைக்கு யோசிக்காமல் வாயில் வந்ததைச் சொன்னேன். "இவளுக்கு டீச்சர் ஆவணும்னு ஆச. கல்யாணம் பேசும்போது படிக்கட்டும்னாங்க. அப்புறம் அந்தப் பேச்சியே யாரும் எடுக்கல. கெட்டவங்க இல்ல. மறந்துட்டாங்க."

சொல்லும்போது என் குரல் உடைந்தது. மைக்கில் அது நன்றாகவே கேட்டிருக்க வேண்டும். திரையில் அவள் பெட்டியோடு துறைமுகத்தில் வந்து நின்றாள். கப்பல் காத்திருந்தது. நேரமாகிவிட்டதால் அதோடு நிறுத்தி, கடைசிக் கொஞ்சத்தை அடுத்த வெள்ளிக்கு வைத்தேன்.

அதே நேரம் என் மாமனார் ஜும்மா முடிந்து, கடலை விஷயமாகப் பேச ஏரிக்கரை அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறார். கூடத்தில் டிவியிலிருந்து மருமகள் குரல். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று முழுவதையும் கேட்டுவிட்டு, கடலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிவிட்டாராம். அக்கா பின்னால் சொன்னார்.

வீட்டுக்கு வந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக் கத்தினார். "நம்ம வூட்டுப் பொம்பள கொரலு ஊரு பூரா கேட்டுக்கினு கீது. இன்னியோட நிறுத்திக்க. இன்னொரு தபா அந்த மைக்க உன் கையில பாத்தேன், தூக்கி ஏரில எறிஞ்சிருவேன்." கணவர் கம்பம் ஏறப் போய்விட்டார். மாமியார் டிவிக்கு உறையை மாட்டினார். நான் மாடிக்குப் போய்ச் சத்தமில்லாமல் அழுதேன். குரலுக்காக மட்டும் அவர் கத்தவில்லை என்று எனக்குத் தெரியும். அது அவருக்கும் தெரியும்.

அடுத்த நாள் காலையிலிருந்து அவர் கடையில் வேறு மாதிரிக் கூட்டம். துவரம்பருப்பு வாங்க வந்தவர் கேட்டார்: "பாய், அவ கப்பல் ஏறினாளா இல்லியா?" புளி வாங்க வந்தவர் கேட்டார். கடன் சொல்லி நிற்கிறவர்கள்கூடத் தைரியமாகக் கேட்டார்கள். சந்தைக்கு வந்த ஏரிக்கரை அக்கா எல்லோர் முன்னாலும் போட்டு உடைத்தார். "நீங்கதான் நின்னு கேட்டீங்களே பாய். அந்த வூட்டுக்காரங்க மறந்தது தப்பா, இவ பொட்டி தூக்கினது தப்பா? நீங்களே சொல்லுங்க."

புதன்கிழமை மாமனார் நாஷ்டா தட்டை நகர்த்திவிட்டு, மறுபடியும் சுவரிடம் பேசினார். "ஜனங்க ரொம்ப பேஜார் பண்றாங்க. அந்தப் படத்த முடிச்சிட்டு நிறுத்து."

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் அவர் யார் வீட்டுக்கும் போகவில்லை. நேராக வந்து கூடத்தில் டிவி முன்னால் உட்கார்ந்தார். மாடியில் எனக்குப் பெரிய சிக்கல். ஏனென்றால் அந்தப் படத்தின் முடிவு எனக்குத்தான் தெரியும். முடிவே கிடையாது. அவள் துறைமுகத்தில் நெடுநேரம் நிற்பாள். கூட்டம் மறைக்கும். பிறகு கப்பல் கிளம்பிப் போவது மட்டும் தெரியும். அவள் ஏறினாளா, வீட்டுக்குத் திரும்பினாளா? நான் எத்தனை முறை போட்டுப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியவில்லை. இப்போது கீழே உட்கார்ந்திருப்பவருக்கு நான் ஒன்று சொல்லியாக வேண்டும். திரும்பிவிட்டாள் என்று சொன்னால் வீட்டில் நிம்மதி. கப்பல் நகர ஆரம்பித்தது. மைக்கை வாய்க்கருகில் இழுத்தேன்.

"ஏறிட்டா" என்றேன்.

கீழே இறங்கி வரும்போது படிகள் நீளமாகத் தெரிந்தன. மாமனார் அணைந்த டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கப்பலுதானே போச்சி. அவ ஏறினத நான் பாக்கலியே."

"ஏறிட்டா மாமா."

"நீ பாத்தியா?"

"பாக்கல. ஆனா ஏறிட்டா."

அவர் தாடியைத் தடவிக்கொண்டார். பிறகு எழுந்து, தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "அந்த டீச்சர் படிப்பு எந்த ஊருல கீது?"

"காஞ்சிபுரத்துல, மாமா."

"காலைல மொத பஸ்ஸுல கூட்டம் ஜாஸ்தி. ரெண்டாவதுல போ" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். நான் நின்ற இடத்திலேயே அழுதேன். இந்த முறை சத்தமாகத்தான்.

பி.எட். முடித்தேன். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சரானேன். படத்தை முடித்த பிறகும் மைக்கை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. வெள்ளி மதியம் நான் பள்ளியில் இருப்பதால் படம் ஞாயிற்றுக்கிழமைக்கு மாறியது, அவ்வளவுதான். பிறகு கேசட்டுகளில் பூஞ்சை பிடித்தது. டிஷ்ஷும் சிடியும் வந்தன, ஊர் வேறு படங்களுக்குப் போனது.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் கழித்து, என் கணவர் சென்னையிலிருந்து ஒரு டிவிடி வாங்கி வந்தார். அட்டையில் அவள். துறைமுகப் படம். வீட்டில் எல்லோரும் உட்கார்ந்தோம். ஏரிக்கரை அக்காவையும் கூப்பிட்டோம். போட்டால், நிறம்! அவள் கண் நீலம், தலைமுடி வெல்லப்பாகு நிறம். அவள் படங்களெல்லாம் முதலிலிருந்தே கலர்ப் படங்கள். நாங்கள்தான் அத்தனை வருஷம் கறுப்பு வெள்ளையில் பார்த்திருக்கிறோம். கோட்டோ, நல்ல சிவப்பு. "அடிப்பாவி, உன்னிய நம்பி பச்சப் பொடவ எடுத்தேனே!" என்று அக்கா என் முதுகில் ஒன்று வைத்தார். இந்த முறை யாரும் என்னைக் கதை சொல்லச் சொல்லவில்லை, கெரசின் அட்டையும் இல்லை. மாமனார் மட்டும் முத்தக் காட்சிகளில் கண்ணை மூடிக்கொண்டார்.

கடைசிக் காட்சி வந்தது. துறைமுகம், கூட்டம், கப்பல் நகர்கிறது. இதுதான் முடிவு, எனக்கு மனப்பாடம். டீ போடலாம் என்று எழுந்தேன்.

"இரு, இரு" என்றார் மாமனார். அப்போதுதான் அவருக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருந்தது. உலகத்திலேயே தனக்கு மட்டும்தான் கண் தெரியும் என்பது போல எல்லோருக்கும் எல்லாவற்றையும் காட்டிக்கொண்டிருந்தார். எழுந்து டிவி பக்கத்தில் போய்க் கப்பலின் மேல்தளத்தில் விரலை வைத்தார். சாம்பல் நிறக் கூட்டத்துக்கு நடுவில் குங்குமப் பொட்டு அளவுக்கு ஒரு சிவப்பு. கறுப்பு வெள்ளையில் எங்கள் கண்ணுக்குத் தட்டுப்படாமலே போன சிவப்பு.

"சேப்புக் கோட்டு. அதோ கீறா பாரு" என்றார் என்னைத் திரும்பிப் பார்த்து. "அன்னிக்கே சொன்னியே. ஏறித்தான்மா கீறா."