அப்பா பேசிய இங்கிலீஷ்

சிங்கப்பூரில் எனக்குக் கட்டட வேலை. காலையில் வேலை தொடங்கும் முன் எங்களை வரிசையாக நிறுத்திப் பாதுகாப்பு பற்றிச் சொல்வார்கள். எங்கள் சீன சூப்பர்வைசர் பேசும் இங்கிலீஷில் பாதி வார்த்தைகளுக்குக் கடைசி எழுத்தே இருக்காது. ஹெல்மெட் 'ஹெல்மெ' என்று நிற்கும். விருதுநகர்ப் பக்கம் நாங்களோ எந்த வார்த்தைக்கும் ஒரு 'உ' போட்டுத்தான் அனுப்புவோம்: பஸ்ஸு, லிப்ட்டு, பெல்ட்டு. வந்த புதிதில் நான் எதைச் சொன்னாலும் அவர் "வாட்? வாட்?" என்பார். எட்டாவதோடு நின்றவன் நான். ஆறே மாதத்தில் வார்த்தையை நறுக்கிப் பேசப் பழகிவிட்டேன். அதில் எனக்கு வந்த பெருமையை இப்போது எழுதக் கூசுகிறது.

ஏழாயிரம்பண்ணையில் அப்பாவுக்குப் பட்டாசுக் கம்பெனியில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில்தான் பேசுவோம். ஒரு ஞாயிறு, ரூமில் எல்லாரும் கேட்கிற மாதிரி போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன்.

"ஏலே, ஒசரத்துல நிக்கும்போது பெல்ட்டு மாட்டுறியா?"

"அப்பா, பெல்ட்டு இல்ல. பெல்ட். எங்க, சொல்லுங்க."

சொன்னார். அதே மாதிரிதான் வந்தது. ரூமே சிரித்தது. இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். "சரிங்க தொரை" என்று அவரும் சிரித்தார்.

அதன் பிறகு, "நல்லாருக்கியா? அம்மாட்ட குடுக்கேன்" என்பதோடு சரி. வேலைக் களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். அதுவும் பொய். நான் யோசிக்கவே இல்லை.

இந்த வைகாசியில் நெஞ்சுவலி வந்து அப்பா போய்விட்டார். நான் ஊர் போய்ச் சேர்வதற்குள் எரித்துவிட்டார்கள். கருமாதி அன்று மொட்டை எடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். கம்பெனி வேனில் அப்பாவோடு போய்வரும் கருப்பசாமி மாமா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மாப்ள, ஒங்கப்பா வேன்ல பண்ணுன கூத்து தெரியுமா? ஏறுனதும் 'பெல்ட், பெல்ட்'னு ஆரம்பிச்சிருவாரு. நிறுத்தத்தான் பாப்பாரு, அந்த 'டு' தன்னால வந்து விளுந்துரும். 'என்னண்ணே, பெல்ட்டுக் கடை வைக்கப் போறீகளா?'ன்னு பொம்பளைக கேலி பண்ணுவாக. 'சிரிக்காதீக தாயி, எம்மவன்கூட நாலு வார்த்த பேசணும்'பாரு."

"வந்துச்சா மாமா?"

"வரல மாப்ள."

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

திரும்பி வந்த முதல் நாள் சூப்பர்வைசர் முடியில்லாத என் தலையைப் பார்த்து, "வை நோ ஹே?" என்றார். அப்பா இறந்ததைச் சொல்ல வாயெடுத்தேன். ஊர் மாதிரி சொன்னால் "வாட்?" என்பார், இரண்டாவது தடவை சொல்ல வேண்டும். நறுக்கிச் சொல்லவோ நாக்கு வரவில்லை.

"ஹாட் லா, பாஸ்" என்றேன்.

வெயிலுக்காக எடுத்தேன் என்று முதல் தடவையே புரிந்துவிட்டது. சிரித்துக்கொண்டே முதுகில் தட்டினார். நானும் சிரித்துவிட்டு, அப்பாவுக்காக எடுத்த மொட்டையின் மேல் அவர்கள் கொடுத்த ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு லிப்ட்டில் ஏறினேன்.